ஹெட்விக் லோயிட்டேயின் சாம்பல் துணி

நாற்காலி செய்யக் கற்கத்தான் ஹெட்விக் லோயிட்டே பத்தொன்பது வயதில் டெஸாவ் நகரின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தாள். பெண்ணுக்குத் தறிதான் என்று நெசவுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வருடம் முழுக்கக் கோபத்தோடு நெய்தாள். 1932இல் நாஜிகளின் நகரசபை பள்ளியை மூடியது. பிறகு முப்பத்தைந்து வருடம் ஆலையில் மூட்டைத்துணி. காது பாதி போயிற்று. முழங்கால் முழுதும் போயிற்று.

1976இல், போரின் குண்டுவீச்சில் சிதைந்த அந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு மறுபடி கண்ணாடிச் சுவர் போட்டார்கள். அதையொட்டி ஊர்க் கூடத்தில் ஒரு கண்காட்சி. பள்ளி நாளில் அவள் நெய்து, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடைத்த துணியும் அதில் இருந்தது. திறப்புக்கு முந்தின நாள் பார்க்கப் போனாள். துணியில் மஞ்சள் இழைகள் நீளநீளமாகப் பளபளத்தன.

"தம்பி, பின்பக்கத்த முன்னாடி மாட்டியிருக்கீங்க."

கண்காட்சிப் பொறுப்பாளர் ராய்னர் சிரித்தார். "இதுதாம்மா அழகா இருக்கு. சுவரொட்டியிலயும் இந்தப் பக்கம்தான்."

"அப்போ உங்க கோட்டையும் திருப்பிப் போட்டுக்கங்க. நாளைக்குத் திறக்க வர்ற மந்திரி பாக்கட்டும்."

அவள் துணியில் கை வைத்தாள். காவலர் ஓடிவந்தார். "தொடக்கூடாதும்மா!"

"தொடாமலா இந்தத் துணிய நெஞ்சேன்? தள்ளி நில்லுய்யா."

அந்தப் பட்டறையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி நெய்வார்கள். அறுந்த இழைகளின் முடிச்செல்லாம் மேலே, பின்பக்கத்தில் நிற்கும். ராய்னரின் விரலைப் பிடித்து ஒவ்வொரு முடிச்சாக வைத்துக் காட்டினாள். ஏழாவது முடிச்சில் அவர் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மறுபக்கம் வழுவழுப்பான சாம்பல் நிறம். அங்கங்கே மஞ்சள் புள்ளி.

"இது மங்கலா இருக்கேம்மா..."

"ஆமா. படிக்கிற அறைச் சுவருக்கு நெஞ்சது."

அவர் அரைமனதாகத் திருப்பி மாட்டினார்.

மறுநாள் கூட்டம் காட்சிக்கு வைத்திருந்த நாற்காலிகளை மொய்த்தது. துணிக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. பெஞ்சில் செருப்பைத் தளர்த்தி உட்கார்ந்திருந்த ஹெட்விக்கிடம் ராய்னர் வந்தார்.

"ஒருத்தர்கூட ஏறெடுத்துப் பாக்கலியேம்மா."

"புஸ்தகம் படிக்கிறவன் கண்ண சுவர் இழுக்கலாமா? சரியாத்தான் வந்திருக்கு."

கொஞ்ச நேரம் துணியையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எந்திரிக்க ஒரு கை குடுங்க. ரெண்டு மணி டிராம விட்டா அப்புறம் நிக்க முடியாது."