கழற்றிப் போட்ட கீபோர்டு

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் என் இ-சேவை மையத்துக்கு வரலாம். அந்தக் கீபோர்டையே காட்டுகிறேன். என் பெயர் மேனகா. பதினோரு வருடமாக அடுத்தவர்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா உங்களுக்கு" என்று எழுந்து போகிற ஆள் நான். நடுராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். நடந்தது சாயங்காலம். வெளியே டீக்கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மணி 5:05. மாதவராஜ் என்று ஒருவர் வந்தார். கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயம். அவருடைய தம்பி அருள்குமார் திருப்பூரில் பைக் விபத்தில் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. தம்பி பேரில் இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருக்கிறது. அதை அம்மா பேருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், இன்றைக்கே போட்டாக வேண்டும் என்றார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். வாரிசு யார் யார் என்று துருவிக் கேட்க மாட்டோம். ரேஷன் கார்டை வாங்குவோம், அதில் இருக்கிற பெயர்களை அப்படியே அடித்துவிடுவோம். கார்டில் பெயர் இல்லாதவர் உலகத்திலேயே இல்லை. அன்றைக்கு அந்தக் கார்டில் இருந்தது இரண்டே பெயர். அம்மா சின்னம்மாள், மகன் அருள்குமார்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன்.

"ஆவலைங்க."

வாரிசுப் பட்டியலின் முதல் வரிசையில் சின்னம்மாள் பெயரை அடித்தேன். வாரிசு ஒருவர்தான், வேலை முடிந்தது. அடுத்து முகவரி.

மணி 5:21. கீபோர்டு நின்றுவிட்டது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். விளக்கு எரிந்தது, எழுத்து வரவில்லை. வேறு ஓட்டையில் சொருகினேன். இல்லை. நோட்பேடைத் திறந்து அடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது... திரும்ப அப்ளிகேஷனுக்கு வந்தால் செத்த கட்டை. ரீஸ்டார்ட் செய்யலாம் என்றால் கம்ப்யூட்டர் திரும்ப எழ அரை மணி நேரம் ஆகும். அலமாரியிலிருந்த புதுக் கீபோர்டைப் பிரித்து மாட்டினேன். அதுவும் அப்படியே.

அப்போதுதான் கவனித்தேன். கர்சர் முகவரிக் கட்டத்தில் இல்லை. வாரிசுப் பட்டியலின் இரண்டாவது வரிசையில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த வரிசையை நான் திறக்கவே இல்லை.

மவுஸால் முகவரிக் கட்டத்தை அழுத்தினேன். போனது. திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி வந்தது...

"இன்னும் ஆவலைங்களா?" மாதவராஜ் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

இரண்டு கீபோர்டையும் கழற்றி மேசை ஓரத்தில் தள்ளினேன். திரையிலேயே எழுத்துக் கட்டங்களை வரவைத்து, மவுஸால் ஒவ்வொன்றாக அழுத்தி முகவரியை முடித்தேன். இந்த முறை கர்சர் நகரவில்லை. இனி சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

மணி 5:38.

டக்.

திரும்பிப் பார்த்தேன். பழைய கீபோர்டு. வயர் தரையில் கிடந்தது.

டக்... டக்... டக்...

பொத்தான்கள் தானாக இறங்கி ஏறின. வேகமாக இல்லை. தட்டச்சுத் தெரியாதவன் ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிற மாதிரி.

திரையில் இரண்டாவது வரிசை நிரம்பியது.

ஜாஸ்மின். மனைவி. வயது 24.

மாதவராஜ் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"அழிச்சிடுங்க."

யார் இது என்று கேட்டேன்.

"வேற மதத்துப் புள்ளைங்க. வூட்ல சேத்துக்கல. கார்டுலயும் சேக்கல... அழிச்சிடுங்க."

பயத்தை மீறி எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, கேட்காமல் அடித்த என் மேல் பாதி. ஆனாலும் மவுஸை நகர்த்தினேன். அழித்துவிட்டு அவரை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. அழித்தேன். போகவில்லை. மறுபடி அழித்தேன்.

போகவில்லை.

பிறகு சத்தம் இல்லை. இரண்டு பேரும் அந்தக் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி சுற்றியது. வெளியே டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

மணி 5:47.

டக்.

டக்... டக்...

மூன்றாவது வரிசை.

வெண்மதி. மகள். வயது 0.

"இது யாருங்க?" என்றேன்.

"சத்தியமாத் தெரியாதுங்க..."

பொய் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கார்டைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றேன். திரும்பி உள்ளே போகத் தைரியம் இல்லை.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது பாதியில் நின்ற அப்ளிகேஷனில் சின்னம்மாள் பெயர் மட்டும்தான் இருந்தது. மெக்கானிக் முருகேஷ் கீபோர்டைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்சம் தூசி, வேறு கோளாறு இல்லை என்றார்.

பதினெட்டாம் நாள், காலை 11:10. திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த ரயிலில் இறங்கி, ஒரு பெண் நேராக என் கடைக்கு வந்தாள். தோளில் கைக்குழந்தை. பச்சை உடம்புக்காரி, நிற்கவே முடியவில்லை.

பெயர் ஜாஸ்மின்.

புருஷனின் அண்ணன் நிலத்தை மாற்றப் பார்க்கிறார் என்று யாரோ சொல்லி, ஸ்டேஷனில் இறங்கி முதலில் கண்ணில் பட்ட மையத்துக்குள் வந்திருக்கிறாள். பிள்ளைக்கு அந்த நிலத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்றாள். கல்யாணப் பதிவுச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

சீட்டைப் படித்தேன். பெண் குழந்தை. அதே வெள்ளிக்கிழமை.

பிறந்த நேரம் மாலை 5:47.

சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் புது அப்ளிகேஷன் திறந்தேன். சின்னம்மாள், தாய். ஜாஸ்மின், மனைவி. மூன்றாவது வரிசையையும் அடித்து முடித்தேன்.

அவள் திரையைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"புள்ள பேர நான் இன்னும் சொல்லவே இல்லைங்களே..."

என் கண் மேசை ஓரத்துப் பழைய கீபோர்டுக்குப் போனது.

"பிரசவத்துக்கு எங்கம்மா வூட்ல இருந்தப்ப, கடைசியா போன்ல பேசினாருங்க. பொண்ணு பொறந்தா இந்தப் பேருதான்னு சொன்னாரு. அன்னிக்கு நைட்டே போய்ட்டாரு. எங்கம்மாகிட்டகூட இன்னும் நான் சொல்லல..."

திரையில் இருந்த பிள்ளையின் பெயரைத் தொட்டாள்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"