முப்பத்தைந்துக்கு மேல்

பருத்திப் புடவைக்குக் கஞ்சி காய்ச்சும் நாட்களில், அந்த மெல்லிய புளிப்பு வாடை அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் நான் காஞ்சிபுரத்துத் தெரு ஒன்றில் போய் நின்றுவிடுவேன். காலை வெயிலில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவில், தறியேறப் போகும் பட்டு இழைகளில், கஞ்சி காய்ந்துகொண்டிருக்கும். அதன் நிழலோரம் இரண்டு பெண்கள் குந்தியபடி சுண்ணக்கட்டியால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி நான், மற்றவள் கஸ்தூரி.

எழுபதுகளின் தொடக்கம். படிப்புக்காகத் தாமலிலிருந்து சித்தி வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டவள் நான். அங்கே எனக்குச் சோறு இருந்தது, பாய் இருந்தது, பேசத்தான் ஆளில்லை. எதிர்வீட்டு நெசவுக்காரர் மகள் கஸ்தூரிதான் எனக்கு அந்த ஊர் முழுவதும்.

ஒன்பதாம் வகுப்பில் அசமன்பாடு வந்தது. சமன்பாடாவது x ஐந்து என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். இதுவோ ஐந்தைவிடப் பெரிய எதுவானாலும் சரி என்று முடிவில்லாமல் கை நீட்டும். "ஒரு மாப்பிள்ளையக் கேட்டா ஊரையே கூட்டிக்கினு வருதுடி" என்பாள் கஸ்தூரி. பெரிய எண்ணைப் பார்த்து வாய் பிளக்கும் அந்தக் குறிக்கு நாங்கள் வைத்த பெயர் "காக்கா வாய்". பாவைத் தாங்கி நின்ற நடுக்கொம்புக்கு நேரே பூஜ்யம், கோயில் பக்கம் மிகை எண்கள், ரயிலடிப் பக்கம் குறை எண்கள். ஐந்தைவிடப் பெரியது என்றால் ஐந்தின்மேல் ஒரு காலி வட்டம். கோடு அங்கிருந்துதான் புறப்படும், ஆனால் ஐந்துக்கு மட்டும் அதில் இடமில்லை.

குறை எண்ணால் வகுத்தால் காக்கா வாயை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அங்கேதான் அவள் தடுமாறுவாள். "வகுத்தது நானு, அது ஏன்டி மூஞ்சத் திருப்பிக்குது?" மூன்று இரண்டைவிடப் பெரியது, மைனஸ் மூன்றோ மைனஸ் இரண்டைவிடச் சிறியது என்று கோட்டின்மேல் நடந்து காட்டுவேன். சிரிப்பாள், மறுநாள் மறப்பாள்.

ஆரணியிலிருந்த அவளுடைய அத்தை தறிக்கு ஆள் கேட்டிருந்தாள். அவள் நைனா பரீட்சைக்கு முன்பே சொல்லிவிட்டார்: "கணக்குல முப்பத்தஞ்சு எடுத்தா இஸ்கோல்ல பாஸுன்னுவாங்க. எனக்கு அது பத்தாதும்மா. அதுக்கு மேல எடு, படி. இல்லன்னா அத்த ஊடு."

"பாஸ்னா பாஸ்தானே மாமா?" என்றேன். அவளுக்காக மட்டும் கேட்கவில்லை.

அவர் பாவைத் தடவிச் சிரித்தார். "வாம்மா தாமலு. பாவ அளவுக்கு அளவாப் போட்டா என்னாவும்? கடைசியில கொஞ்சம் தறிக்குள்ளயே நின்னுடும், நெய்ய வராது. கடைசிப் புடவ குட்டையாப் பூடும். அளவா இருந்தா பத்தலன்னு அர்த்தம்."

விடைத்தாள் வந்தது. முப்பத்தைந்து. மைனஸ் மூன்று x பன்னிரண்டைவிடப் பெரியது என்ற கணக்கில், வகுத்து மைனஸ் நான்கைச் சரியாகக் கண்டுபிடித்தவள், காக்காவை மட்டும் திருப்பாமல் விட்டிருந்தாள். கோயில் பக்கம் ஓடிய அவளுடைய கோட்டின் குறுக்கே சிவப்பு மை. அவள் நைனா தாளை வாங்கிப் பார்த்தார். "எல்ல மேலயே நிக்குதேம்மா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். தார் போட்டிருக்கிறார்கள், பாவு நீண்ட இடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எதிர்வீட்டில் யாரோ. கஸ்தூரியைக் கேட்டால் தெரிந்தவர் இல்லை. நடுக்கொம்பு நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஓரிடத்தில் சற்று நின்றுவிட்டுத் திரும்பினேன். அவள் போனபின் அந்த வருடம் முழுக்க நான் அந்தக் காலி வட்டமாகத்தான் இருந்தேன். எல்லாக் கோடுகளும் என்னை விட்டு விலகி ஓடின.

அவள் கிளம்பிய அன்று ஆரணி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மடியில் துணி மூட்டையுடன் ஜன்னலோரம் இருந்தவள், பஸ் நகர்ந்தபோது சட்டென்று தலையை நீட்டினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏய், இப்ப வருதுடி எனக்கு. மைனஸ் மூணால வகுத்தா காக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கும், இல்ல?"