பால்கெண்டைக் குளத்துச் சுவிட்ச்

தம்பி சி-ஹுங் கப்பலேறப் போனது, செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் ஏழாம் மாதத்துப் பேய்ப் படையல் முடிந்த மறுநாள். காவ்சியுங் துறைமுகத்துக்குப் போகும் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவனோ குளத்து வரப்பில் குந்தி, அக்கா வீட்டுப் புது ஜெனரேட்டரில் ஒரு சின்னச் சுவிட்ச் பெட்டியை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"கரண்ட் எங்கயாவது தண்ணியில கசிஞ்சா இது டப்புனு விழுந்துடும். விழுந்தா திட்டாதக்கா. உங்க உயிரக் காப்பாத்துதுன்னு அர்த்தம். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."

"நடுக்கடல்ல உனக்கு யாரு டவர் நட்டு வச்சிருக்கா?" என்றாள் பீ-யுன்.

"கரைக்கு வந்ததும் பாப்பேன்ல."

அவள் கணவர் திங்-வாங் சிரித்தார். "மாப்ள கரைக்கு வர்றதுக்குள்ள மீனெல்லாம் கருவாடாயிடும்."

பீ-யுன் சிப்பி உடைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்ததும் கத்தியைக் கீழே போட்டாள்; பால்கெண்டைக் குளங்கள் அவள் உலகமாயின. ஒரு குளிர்காலத்தில் சக்கரங்கள் நின்றுபோய் அத்தனை மீனும் வயிறு மேலாக மிதந்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு, தண்ணீரை அடித்து நுரைக்கும் துடுப்புச் சக்கரங்களின் சத்தம் கொஞ்சம் தேய்ந்தாலும் திங்-வாங் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். சக்கரம் நின்றால் மீனுக்கு மூச்சில்லை. அதனாலேயே அந்தக் கரையில் யாரும் விழுகிற சுவிட்சை வேலை செய்ய விடுவதில்லை. அதைத் தாண்டி ஒயரைக் கட்டிவிடுவார்கள்.

சூறாவளி வந்து மின்கம்பங்களைச் சாய்த்தது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள். நண்பகலில் சுவிட்ச் விழுந்தது. திங்-வாங் தூக்கிவிட்டார், மறுபடி விழுந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பீ-யுன் போட்டோ எடுத்து அனுப்பினாள். தம்பி பார்த்த அடையாளம் வரவில்லை. திங்-வாங் ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்துவந்தார்.

பீ-யுன் அவர் கையைப் பிடித்தாள். "அவ்வளவு சொல்லிட்டுப் போனானே."

"அவன் கப்பல்ல இருக்கான், மீன் இங்க இருக்கு. மனுசனுக்கு ஷாக் அடிச்சா கத்துவான், நீ ஓடி வருவ. மீன் கத்துமா?"

அவள் கையை விட்டாள். அதோடு, மழை நனைக்காமல் அவருக்குக் குடையும் பிடித்தாள். ஒயர் சுவிட்சைத் தாண்டிப் போனது. சக்கரங்கள் சுழன்றன, மீன்கள் அடியில் இறங்கின. அன்று மாலை கருவாட்டுக் கஞ்சியை இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே குடித்தார்கள்.

மறுநாள் காலை ஒரு சக்கரத்தில் கிழிந்த வலை சிக்கியது. ஜெனரேட்டரை நிறுத்த மனமில்லாமல் திங்-வாங் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சக்கரத்தின் சட்டத்தைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். கத்தவில்லை. வலையைப் பிய்க்கிறார் என்றுதான் வரப்பிலிருந்த பீ-யுன் நினைத்தாள். தலை தொங்கிய பிறகுதான் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தாள், பிறகு குளத்தில் குதித்தாள். சாலையெல்லாம் வெள்ளம். ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் மடியில் அவர் விறைத்திருந்தார்.

அந்த ஜெனரேட்டரை அவள் திரும்ப ஓட்டவேயில்லை. அடுத்த நாள் குளம் முழுக்க வெள்ளை வயிறுகள்.

அவர் செத்ததையும் தம்பிக்குப் போனில் எழுதி அனுப்பினாள். கப்பல் ஏஜென்டிடமும் சொன்னாள். அவன் காதுக்குப் போனதா, தெரியவில்லை. குளங்களைச் சோலார் தகடு போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மறுபடி சிப்பிக் கத்தியைப் பிடித்தாள். விரல்களில் பழைய வெட்டுக்காயங்கள் திரும்ப வந்தன.

குளிர்காலம் போய், சிப்பி பருக்கத் தொடங்கிய ஒரு காலையில் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு அமுக்கினாள். தம்பியின் குரல்:

"அக்கா, இப்பதான் கரையேறுனேன். மொதல்ல உன் போட்டோவத்தான் பாத்தேன், மிச்சமெல்லாம் இனிமேதான் பாக்கணும். சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு, பயப்படாத. எல்லாச் சக்கரத்து பிளக்கையும் கழட்டிட்டு, கை ஈரமில்லாம ஒண்ணொண்ணா சொருகிப் பாரு. எதச் சொருகும்போது விழுதோ அதுதான் கசியுது. அத மட்டும் விட்டுடு. மத்தது ஓடும், மீன் பொழைச்சுக்கும். அத்தானத் தண்ணியில இறங்க விடாத."