வீட்டில் எத்தனை பேர்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஓர் இறைச்சி ஆலை ஊர். ஹைஸ்கூலில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஹானர்ஸ் புவியியல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ட்ரெசா தன் வீடு எங்கே என்று யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிப் பேருந்திலிருந்து நல்ல தெரு ஒன்றில் இறங்கி, பேருந்து கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் நடப்பாள்.

அந்த வகுப்பில் ஊரைப் படிப்பதென்றால் ஏழைகளின் வாசலில் நின்று வீட்டுக்கு மதிப்பெண் போடுவது. அவள் குழுவுக்குத் தலைவியான பிரென்னா, ரயில் பாதைக்கு அப்பாலுள்ள, வண்டியில் இழுத்துவந்து நிறுத்திய தகரப் பெட்டி போன்ற ட்ரெய்லர் வீடுகளைத் தேர்ந்தெடுத்தாள். ட்ரெசாவும் கூடவே கிளம்பினாள். பகலில் அம்மா ஆலையில்தானே இருப்பாள்.

"இதுக்குள்ளல்லாம் மனுஷங்க இருக்காங்களா, இல்ல சும்மா போட்டு வச்சிருக்காங்களா?" என்றாள் பிரென்னா. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் ட்ரெசா. துருவேறிய ட்ரெய்லர் ஒன்றுக்குப் பூஜ்யம் போட்டவளும் அவள்தான். அது அவள் வீடு.

கதவு திறந்தது. கத்தி பட்ட கையில் கட்டோடு அம்மா நின்றாள்; ஆலையில் பாதி வேலையிலேயே அனுப்பிவிட்டார்கள். மகளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

ட்ரெசா முந்திக்கொண்டாள். "ஹலோ மேடம், நாங்க ஹைஸ்கூல்லேருந்து வர்றோம். உங்க வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

அம்மா அவளையே பார்த்தாள். பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் இருந்தோம்மா. இப்ப நான் ஒருத்திதான்."

"அப்படியே எழுதிக்கோ," என்றாள் பிரென்னா. ட்ரெசா எழுதிக்கொண்டாள். கையில் என்ன கட்டு என்று யாரும் கேட்கவில்லை.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. அதில் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.