ரத்தத்தில் லேசான இன்பெக்ஷன்

‘மாசித் தெப்பம், திருக்கோஷ்டியூர். தங்கை விளக்கு எடுத்தாள். மாப்பிள்ளையும் வந்தார்.’ அன்றைக்கு நான் எழுதிவைத்தது இவ்வளவுதான். பிள்ளை வேண்டுபவர்கள் குளக்கரை விளக்கு ஒன்றைத் துளசியோடு டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போய், வேண்டுதல் பலித்தால் அடுத்த தெப்பத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றுவார்கள். தங்கைக்கு ஏற்கெனவே ஒன்று வயிற்றிலேயே போயிருந்தது. அவள் கணவர் வெளிநாட்டு வேலையை விட்டு ஊரோடு வந்திருந்தார்.

சித்திரையில் அவளுக்கு நாள் தள்ளியது. காரைக்குடியில் அவள் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கர்ப்பிணி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, வீட்டு ஆண்பிள்ளை உள்ளே போய் முடிவைக் கேட்டுவருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை கேட்டுவந்து சொன்னார்: “ரத்தத்துல லேசா இன்பெக்ஷனாம். இவளுக்கு ஊசி போட்டாச் சரியாப் போயிரும்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். வி.டி.ஆர்.எல்., ரியாக்டிவ். அதாவது சிபிலிஸ். உடலுறவில் தொற்றும் இந்த வகை நோய்களை ஆங்கிலத்தில் ‘சமூக நோய்’ என்று நாசூக்காகச் சொன்ன காலம் உண்டு, பிறகு வி.டி., எஸ்.டி.டி. என்று எழுத்துகளாகச் சுருக்கினார்கள். சிபிலிஸை இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள். நம்மவர்கள் பறங்கிப் புண் என்றார்கள். யாருக்குமே அது தன் வீட்டு நோயாக இருந்ததில்லை. எங்கள் விஷயத்தில் அது தங்கையின் நோயாயிற்று.

“ஏத்தா, ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு ரத்தமே சரியில்லையாமே? எம் மகன் எங்கெங்கயோ கெடந்து வந்தும் கல்லு மாதிரி இருக்கான்” என்றார் அவள் மாமியார்.

“ரெண்டு பேருக்கும் ஊசி போட்டாத்தான் அடங்கும் அத்தை” என்றேன்.

“அவனுக்கு எதுக்கு? அவனா பிள்ளை பெறப் போறான்?”

அடுப்படியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

வாசலில் மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். “நீங்க போட்டுக்கிட்டீகளா?”

“அதெல்லாம் ஆச்சு மதினி” என்று வண்டியைக் கிளப்பினார்.

தங்கையிடம் நோயின் பெயரைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்க்கா. ஊசி போட்ட நர்ஸக்கா மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். பேரச் சொல்லிட்டா அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி இருக்கிறது? இன்பெக்ஷனாவே இருந்துட்டுப் போகட்டும்.”

புரட்டாசியில், ஏழாம் மாதம், பையன் உயிரில்லாமல் பிறந்தான். மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஊசிக்குப் பின் இறங்கியிருந்த நோயின் அளவு திரும்ப ஏறியிருந்தது. புதிதாகத் தொற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா இந்தமுறை என்னிடமே சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமியார் சொன்னது: “உடம்புச் சூடு. பிள்ளை தாங்கலை.” வந்தவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

தங்கைக்கு மட்டும் மறுபடி ஊசி போட்டார்கள். இந்த ஆண்டு தெப்பத்துக்கு அவள் போகவில்லை. விளக்கு டப்பாவுக்குள் துளசிச் சருகோடு கிடக்கிறது.

இந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளியிருக்கிறது. மாப்பிள்ளை ஊசி போட்டுக்கொண்டாரா என்பதற்கு அன்று வாசலில் அவர் சொன்ன சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. எங்கே, என்றைக்கு என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.