ரேடியேட்டரில் புதுத்தண்ணீர்

மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் முழுக்க வண்டல்.

"என்ன சார் ஊத்துறீங்க இதுல?"

"தண்ணிதான்."

"கூலன்ட் கேன் கொடுத்தேனே?"

அந்தக் கேன் சீல்கூட உடைக்காமல் வீட்டில் கிடந்தது. மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வரும் நாளில் வேனுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, முதல் குடத்தை ரேடியேட்டரில் ஊற்றுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாக ஆரம்பித்த வழக்கம். அதன்பின் குறையும்போதெல்லாம் அதே வாய்க்கால் தண்ணீர்தான். இத்தனைக்கும் இருபத்தெட்டு வருடம் வேதியியல் வாத்தியார். பாய்லரில் உப்பு படிந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன்.

"மெக்கானிக் சொல்றதக் கேளுங்களேன்" என்று என் மனைவி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "காவேரித் தண்ணிக்கு மேல ஒரு கூலன்டா?" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். திமிர்தான், வேறென்ன.

அவளுக்காகத்தான் அந்த வேனே ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவேன். திரும்பும்போது பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்வாள். அந்தச் செவ்வாய் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. எப்படியோ உருட்டி வீடு வந்து, மறுநாள் காலையில் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

மெக்கானிக் முன் சீட்டைத் தூக்கி, அதற்கடியில் இருந்த இஞ்சினிலிருந்து ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். ஆயில் பால் டீ நிறத்தில் ஒட்டியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு சார். கேஸ்கட் போயிருக்கு. ஹெட்டக் கழட்டணும். சனிக்கிழமைக்கு முன்னாடி முடியாது."

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி இருக்கே."

"தெரியும் சார். இப்படியே எடுத்துட்டுப் போனா அம்மாவ வச்சுக்கிட்டு நடுவழியில நிப்பீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம், வெள்ளிக்கிழமைக்குக் கார் பிடிக்கிறேன் என்றேன். எதற்குத் தண்டச் செலவு, பஸ்ஸிலேயே போகலாம் என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். போகும்போது உட்கார இடம் கிடைத்தது. திரும்பும்போது மன்னார்குடி வரை நின்றுகொண்டே வந்தாள். ஊசி குத்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். யாரிடமாவது இடம் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குக் கூச்சம்.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். "நான் ஊத்துன தண்ணியாலதான் இஞ்சின் போச்சு." சாதாரண நாளாக இருந்தால் என்னை வறுத்து எடுத்திருப்பாள். அன்று "விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

சொன்னபடி சனிக்கிழமை வேன் வந்தது. செவ்வாய் விடியற்காலை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். புடவை மாற்றாமல், வீட்டில் கட்டிய பழம்புடவையோடு வாசலுக்கு வந்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் விட்டுடலாமாங்க?"

"அதெப்படி விட முடியும்? வண்டி சரியாயிடுச்சும்மா. கேளேன், சத்தமே இல்ல."

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் இஞ்சினை அணைக்கவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. வெகுநேரம் ஓடியும் சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவே இல்லை.