என் சீதனக் காணியும் பன்னிரண்டு முதலியார்களும்

சண்டை முடிந்த மறுவருடம் முகாமிலிருந்து விடப்பட்ட என் தங்கை, யாழ்ப்பாணத்தில் என் பெயரில் இருந்த காணியில் ஒரு கொட்டில் போட்டாள். அவளுடைய கணவன் கடைசி நாட்களில் ஷெல்லடியில் செத்துப்போயிருந்தான். வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டித் தருவார்கள், ஆனால் காணி அவள் பெயரில் இருக்கவேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நான் அப்போது பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள ஒரு பயண முகவர் கடையில் விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன்.

காணி உறுதி எழுதும் யாழ்ப்பாணத்து நொத்தாரிசு தொலைபேசியில் சொன்னார்: "உங்கட மனுசன்ரை சம்மதம் எழுத்திலை வேணும், அம்மா."

"காணி என்ரை சீதனம், ஐயா. என்ரை அம்மா எனக்குத் தந்தது."

"ஓம், உங்கடைதான். ஆனால் தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ரை காணியைக் குடுக்கப் புருசன் சம்மதிக்க வேணும்."

அந்த மனுசன் என்னை விட்டுப் போய், பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் வேறு வீட்டில் இருந்தார். விவாகரத்து வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைச் சந்தித்துக் கேட்டேன். தேத்தண்ணியைக் கலக்கியபடியே, "நீ திரும்பி வா. கையெழுத்து வைக்கிறன்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு புத்தகக் கடையில், யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமை பற்றிய புத்தகம் கிடைத்தது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை ஆண்டபோது, ஊர் வழக்கங்களை எழுதித் தரும்படி மேலிடம் தங்கள் அதிகாரி ஒருவருக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அவர் எழுதியதைத் தமிழாக்கி, ஊர்த் தலைமைக்காரரான பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டினார்கள். அவர்கள் சரி என்றார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதையே சட்டமாக்கி, பிறகு அங்கங்கே திருத்தினார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பன்னிரண்டு பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு பெண்ணிடமாவது கேட்டார்கள் என்றும் எழுதியிருக்கவில்லை. அந்த மனிதர்களை நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த புதுச்சேரி அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்.

"பிரெஞ்சுக்காரங்க ஆண்டப்போ எங்க கொள்ளுத்தாத்தா நம்ம வழக்கமெல்லாம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிட்டார்" என்றார்.

"நீங்கள் தப்பிட்டீங்கள்."

"எங்க தப்பிச்சோம்? அதுவும் ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தி எழுதவச்ச சட்டம்தான். எங்கம்மா வேலைக்குப் போகணும்னாலே அப்பா ஒத்துக்கணும். இங்க பொம்பளைங்க சண்டை போட்டுத்தான் அதை மாத்தினாங்க. நீயும் போடு."

மீண்டும் நொத்தாரிசை அழைத்தேன். புருசன் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம் என்றார். "ஆனால் சனம் கதைக்கும், அம்மா."

"கதைக்கட்டும். வழக்கைப் போடுங்கோ."

விசாரணைக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். என் கணவருடைய சட்டத்தரணி, குடும்பத்தைப் பிரிக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்பதுபோலப் பேசினார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

"கணவரிடம் கேட்டீர்களா?"

"கேட்டனான், ஐயா. திரும்பி வந்தால் கையெழுத்து வைப்பன் எண்டார். நான் கேட்டது என்ரை காணியை. அவரையில்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கணவருடைய சம்மதம் இல்லாமலே எழுதிக் கொடுக்கலாம் என்று கட்டளையிட்டார்.

வெளியே வந்ததும் நொத்தாரிசு, "அனுமதி கிடைச்சிட்டுது. இப்ப சந்தோசம்தானே?" என்றார்.

"என்ரை காணிக்கு இன்னொருத்தர் அனுமதி தந்ததிலை என்ன சந்தோசம், ஐயா?"

நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதும்போது தங்கையின் பக்கத்தில் இருந்தேன். இனி இந்தக் காணியை என்ன செய்வதற்கும் அவள் எவரிடமும் கேட்கத் தேவையில்லை. புருசன் செத்ததால் கிடைத்த உரிமை. கையெழுத்து வைக்கும்போது அவள் அழுதாள்; நான் அழவில்லை.

அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பாரிஸ் திரும்பியபின் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் கடைக்குள் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "புருசனைக் கோட்டுக்கு இழுத்தவள்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். "உங்கட மனுசிக்கும் சீதனக் காணி இருக்கெல்லோ? ஒருநாளைக்கு என்னட்டை அனுப்புங்கோ. எந்தக் கோட்டிலை கேக்கிறதெண்டு சொல்லிவிடுறன்."